கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஆடிய அணி

தோற்றுக்கொண்டே இருக்கும் ஒரு கூடைப்பந்து அணியை ஒரு கோச் எவ்வளவு மாற்ற முடியும் என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. கேட்கிறவர்களின் முகத்தைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். அவர்களுக்கு வேண்டியது ஒரு கதை. ஒரு பெண் வந்தாள், நாலு அதட்டல் போட்டாள், சோம்பேறிகள் எல்லாம் வீரர்களாகிவிட்டார்கள். இந்தக் கதையை வைத்து எங்கள் கம்பெனி ஒரு சுவரொட்டியே அடித்தது. ஜோதிலட்சுமி அக்காவைப் பற்றி நடந்ததை நடந்தபடி ஒருவராவது சொல்ல வேண்டும். சொல்வதற்கு எனக்கு அருகதை கிடையாது என்பது எனக்கே தெரியும். வேறு யாரும் சொல்லப்போவதில்லை என்பதால் சொல்கிறேன்.

என் பெயர் அன்புராஜ். ஊர் ஊத்துக்கோட்டைக்குப் பக்கம். தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் சந்திரவேல் ஸ்டாம்பிங்ஸ் என்ற கம்பெனியில் பிரஸ் ஆபரேட்டர். கார் கதவுக்குள் போகிற இரும்புத் தகடுகளை அடித்து வளைக்கும் வேலை. முதலாளிக்குக் கல்லூரிக் காலத்திலிருந்தே கூடைப்பந்துப் பைத்தியம் என்பதால் கம்பெனிக்கு ஓர் அணி இருந்தது. சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகள் ஒன்பது சேர்ந்து நடத்தும் லீக்கில் ஆடினோம். பொழுதுபோக்குக்கு ஆடியவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஆடுவதற்கென்றே சம்பளம் பேசி எடுக்கப்பட்டவர்கள் நாங்கள். காலையில் மெஷின், மதியத்துக்கு மேல் பந்து, பதினோரு மாத ஒப்பந்தம். பதினோரு மாதம் முடிந்ததும் ஒரு மாதம் வீட்டில் உட்காரவைத்துவிட்டுத் திரும்ப எடுப்பார்கள், நிரந்தரம் கேட்டுவிடக் கூடாதே என்று. எனக்கு அப்படி நான்கு முறை ஆகியிருந்தது. வயது முப்பத்தொன்று. அந்த ஒரு மாதம் வந்தால் என் மனைவி கல்பனா அவள் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். சண்டை ஒன்றும் இல்லை, அரிசி மிச்சமாகட்டும் என்றுதான்.

அந்த வருஷம் பதினாறு ஆட்டத்தில் பதினான்கு தோற்றோம். ஒன்பது அணிகளில் ஒன்பதாவது இடம். அப்போது எங்களுக்கு இருந்த கோச் நகரத்திலிருந்து காரில் வருவார். மடிக்கணினியைத் திறந்து அம்புக்குறியாகப் போட்டுக் காட்டுவார். எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது, சட்டை நம்பர்தான். கடைசி ஆட்டத்துக்கு முன்பே “இவங்களுக்கு மூளையே கிடையாது” என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். மூளை இல்லாதவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க அவர் வாங்கிய சம்பளம் எங்கள் ஐந்து பேர் சம்பளத்தைவிட அதிகம்.

பணியாளர் பிரிவின் தலைவர் துளசிராமனுக்கு அப்போதுதான் ஒரு யோசனை உதித்தது. தரப் பரிசோதனைப் பிரிவில் ஒரு பெண் இருக்கிறாள், ஒரு காலத்தில் பல்கலைக்கழக அணிக்கு ஆடியவளாம், அவளையே போட்டுவிடலாம். சம்பள உயர்வு இல்லை, கூடுதல் பொறுப்பு மட்டும். அதற்குப் பதிலாகத் தினமும் மாலையில் ஒரு டிபன் கூப்பன். இப்படித்தான் ஜோதிலட்சுமி எங்களுக்குக் கோச் ஆனார்.

அவருக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. ஆறடிக்கு ஓர் அங்குலம்தான் குறைவு. சொந்த ஊர் செவ்வாப்பேட்டை. அப்பா ஆவடியில் யூனிஃபார்ம் தைக்கும் வேலை பார்த்தவர். மகளுக்கு ஆடுவதற்கான கால்சட்டையை அவரே தைத்துக் கொடுத்தார் என்று தெருவில் இருந்தவர்கள் வாய்க்கு வந்ததைப் பேசியிருக்கிறார்கள். பல்கலைக்கழகத்துக்கு மூன்று வருஷம் ஆடியிருக்கிறார். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு எழுதிப்போட்ட சமயம் பார்த்து முழங்கால் போய்விட்டது. தேர்வு அன்று நொண்டிக்கொண்டு போய் நின்றவரிடம், “சர்டிபிகேட் எல்லாம் சரிம்மா, இப்ப ஓடிக் காட்டு” என்று சொல்லியிருக்கிறார்கள். அதோடு அது முடிந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் உயரத்தைப் பார்த்து டிபனை மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். கல்யாணம் ஆகவில்லை. அப்பா இறந்த பிறகு அம்மாவோடு இருந்தார். விடிவதற்குள் ரயில் ஏறித் திருவள்ளூர் போய், அங்கிருந்து பெரியபாளையம் வழியாக வரும் கம்பெனி பஸ்ஸைப் பிடித்து ஏழு மணிக்கு வேலையில் நிற்பார். ஆடி மாத ஞாயிறுகளில் பஸ் பவானியம்மன் கோயில் கூட்டத்தில் மாட்டிக்கொள்ளும். அன்றைக்கு மட்டும் அவர் தாமதமாக வருவார்.

பதினான்கு வருஷமாக அவர் செய்த வேலை, நாங்கள் அடித்த தகட்டை அளவுகோலில் வைத்துப் பார்த்துவிட்டு “ரிஜக்ட்” என்று சொல்வது. யாரிடமும் குழைய மாட்டார். பூசி மெழுகத் தெரியாது. அரை மில்லிமீட்டர் விலகினாலும் தூக்கிச் சிவப்புத் தொட்டியில் போட்டுவிடுவார். பிரஸ் மெஷின்கள் ஓடும் ஷெட்டில் அவருக்கு ‘ரிஜக்ட் மேடம்’ என்று பெயர். அவரை அங்கே யாருக்கும் பிடிக்காது, எனக்கும்தான்.

முதல் நாள் கேன்டீனுக்குப் பின்னால் இருந்த சிமெண்ட் கோர்ட்டுக்கு அவர் பாதுகாப்பு ஷூவோடு வந்து நின்றார். எங்கள் ஐவரில் ஒருவனான சரவணன் என் காதருகே, “பொம்பள கோச்சா? பேஜாரா பூடும்பா” என்றான். அவர் காதிலும் விழுந்துவிட்டது.

“பேஜாரா கீறது நீங்க ஆடற ஆட்டம்தான். பந்தை எடு” என்றார்.

துளசிராமன் அன்று எல்லோர் முன்னாலும் ஒரு வாக்குக் கொடுத்தார். அடுத்த லீக்கில் முதல் நான்கு இடத்துக்குள் வந்தால், வழக்கமாக இறங்கி ஆடும் ஐந்து பேருக்கும் நிரந்தர வேலை. எங்களுக்கு அந்த ஒரு வார்த்தைதான் காதில் ஏறியது. கல்பனாவிடம் அன்று மாலையே சொல்லிவிட்டேன். இனிமேல் அம்மா வீட்டுக்கு மூட்டை கட்ட வேண்டாம் என்றும் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

மூன்று வாரம் ஜோதிலட்சுமி எதுவுமே சொல்லிக்கொடுக்கவில்லை. ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் ஷெட்டுக்குள் வரும்போதும் தகட்டை அளந்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த அம்மாவுக்கும் ஒன்றும் தெரியாது போலிருக்கிறது என்று நினைத்தோம். நான்காவது வாரம் என்னை அழைத்து எதிரே நிற்கவைத்தார்.

“அன்பு, நேத்து எதிர் டீம்காரன் உன் முன்னாடிதான போனான். ஏன் நிறுத்தல?”

“அவன் சரவணன் மறிக்க வேண்டிய ஆளு மேடம்.”

“சரவணன் எங்க இருந்தான்?”

“பின்னாடி வுயுந்து கெடந்தான்.”

“அப்ப நீ இன்னா பண்ணிக்கினு இருந்த?”

“என் ஆளைப் பாத்துக்கினு இருந்தேன்.”

“கையை எங்க வெச்சிருந்த?”

கை எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. அவர் செல்போனை எடுத்து, முந்தின நாள் பிடித்த வீடியோவை எங்கள் எல்லோருக்கும் காட்டினார். எதிரணிக்காரன் சரவணனைத் தாண்டிக்கொண்டு உள்ளே வருகிறான். நான் ஒரு அடி ஒதுங்கி, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு அவனுக்கு வழிவிடுகிறேன். அந்தப் பக்கம் ஷாஹுல் நிற்கிறான், பழவேற்காட்டுக்காரன், எங்கள் அணியிலேயே நன்றாக ஆடக்கூடியவன். அவன் கையும் பின்னால்தான். இன்னொரு ஆட்டத்தைக் காட்டினார். அதிலும் அப்படியே. முதலில் சிரித்தோம். நான்காவது வீடியோவுக்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

இதைப் புரிந்துகொள்ள எங்கள் ஷெட்டைத் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு பிரஸ்ஸைச் சுற்றியும் தரையில் மஞ்சள் கோடு இருக்கும். அடுத்தவன் பிரஸ்ஸைக் கடந்து போகும்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் போக வேண்டும். எங்கேயும் எழுதி வைக்கவில்லை, அது எங்களுக்குள்ளேயே ஏற்பட்ட வழக்கம். தெரியாமல் கை பட்டு ஒரு பட்டன் அழுந்தினால் எண்பது டன் அழுத்தம் கீழே இறங்கும். அடுத்தவன் மெஷினில் கை வைத்தால் மெமோ கிடைக்கும், அதைவிட முக்கியம், பக்கத்தில் நிற்கிறவன் உன்னை மனுஷனாகவே மதிக்க மாட்டான். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கற்றுக்கொண்ட பாடம் இது. தினமும் அரை நாள் இந்தப் பாடத்தில் நின்றுவிட்டு, மீதி அரை நாள் கூடைப்பந்து ஆடினோம். அம்புக்குறி போட்ட பெரிய மனிதர் ஒரு நாளாவது ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவர் எட்டிப் பார்க்கவில்லை. எங்களுக்கு மூளை இல்லை என்று எழுதிக் கொடுத்தார்.

ஜோதிலட்சுமி சொல்லிக்கொடுத்தது மிகச் சின்ன விஷயம். தாண்டி வருகிறவன் யாருடைய ஆளாக இருந்தாலும் சரி, யார் கிட்டே இருக்கிறானோ அவன் “என்னுது” என்று கத்திக்கொண்டு போய் மறிக்க வேண்டும். கோட்டைவிட்டவன் ஓடிப்போய், அப்படித் தனியாக விடப்பட்ட ஆளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். இதையே நாற்பது நாள் செய்தோம். முதல் பத்து நாள் வாயே வரவில்லை. சரவணன் என் ஆளை மறித்துவிட்டு, “சாரிண்ணே” என்று என்னிடம் மன்னிப்புக் கேட்பான். மறுபடி மன்னிப்புக் கேட்டால் கோர்ட்டைச் சுற்றி இருபது ரவுண்டு என்றார் ஜோதிலட்சுமி. அவன் அறுபது ரவுண்டு ஓடினான்.

இன்னொன்றும் சொன்னார். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சுவரொட்டியில் இது கிடையாது. பயிற்சி முடிந்து கிளம்பும்போது தினமும் சொல்வார், “இது கோர்ட்டுக்கு மட்டும்தான். ஷெட்டுக்குள்ள போனா கை பின்னாடியே இருக்கணும். மாத்திப் பண்ணீங்க, நானே மெமோ குடுப்பேன்.”

பிறகு அவர் தூக்கத்தைக் கையில் எடுத்தார். இரவு ஷிஃப்ட் முறை வரும் வாரங்களில் அதை முடித்துவிட்டு வந்து மதியம் ஆடுவோம். கடைசிப் பத்து நிமிஷத்தில் கால் நகராது. ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பிருந்து இரவு ஷிஃப்ட் வேண்டாம் என்று போய்க் கேட்டார். அது கோச்சின் வேலை இல்லை என்றார் துளசிராமன். அடுத்த நாள் ஜோதிலட்சுமி தரப் பரிசோதனை நோட்டோடு போனார். இரவு ஷிஃப்டும் பார்த்து ஆட்டமும் ஆடியவர்கள் அடித்த தகட்டில் நூற்றுக்கு ஒன்பது ரிஜக்ட் என்று மூன்று மாதக் கணக்கை மேசை மேல் வைத்தார். தகடு வீணாகிறது என்றதும் துளசிராமனுக்குக் காது கேட்டது. ஷிஃப்ட் மாறியது. மனுஷன் வீணாகிறான் என்று சொல்லியிருந்தால் இன்றைக்கும் மாறியிருக்காது.

கோச் எவ்வளவு மாற்ற முடியும் என்று நான் ஒரு தடவை அவரையே கேட்டேன். கொஞ்சம் ஜெயிக்க ஆரம்பித்திருந்த நேரம். கேன்டீன் வாசலில் நின்று கூப்பனுக்கு வாங்கிய உப்புமாவைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“கால்வாசி” என்றார். “நீங்க தூங்கறது பாதி. மீதி கால்வாசி இந்த ஷாஹுல் மாரி ஒருத்தன் இருக்கறது. நானு கத்தறதால எதுவும் ஆவல. எனக்குத் தொண்டை போவுது, அதான் ஆவுது.”

எனக்கென்னவோ அவர் தன் பங்கைக் குறைத்துச் சொன்னதாகவே பட்டது. இரவு ஷிஃப்டை நிறுத்தியதையும் அவர் கணக்கில் சேர்க்க வேண்டும். அதைச் சேர்த்தால் முக்கால்வாசி வரும். அதைச் செய்யவிடாமல் ஒரு கோச்சைக் கோர்ட்டில் மட்டும் நிற்கவைத்தால் அவர் எப்பேர்ப்பட்டவராக இருந்தாலும் கால்வாசிதான்.

அந்த லீக்கில் பதினாறில் ஒன்பது ஜெயித்தோம். கடைசி ஆட்டம் கும்மிடிப்பூண்டியில், ஒரு பேட்டரி கம்பெனியோடு. ஜெயித்தால் நான்காவது இடம், தோற்றால் ஆறாவது. ஒரு புள்ளி முன்னால் இருந்தோம். இருபது விநாடி பாக்கி. அவர்களுடைய உயரமான ஆள் என்னைச் சாய்த்துவிட்டு உள்ளே போனான். நான் கீழே கிடந்தேன். மூன்று பேர் ஒரே சமயத்தில் “என்னுது” என்று கத்தியது கேட்டது. ஷாஹுல்தான் போய்ப் பந்தைத் தட்டிவிட்டான். விசில் ஊதியதும் திரும்பி ஜோதிலட்சுமியைப் பார்த்தேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது, அதை யாரும் பார்க்கக் கூடாது என்று குனிந்திருந்தார். அன்றிலிருந்துதான் நாங்கள் மேடத்தை விட்டுவிட்டு அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தோம்.

நாசமாய்ப் போனது அதற்குப் பிறகுதான்.

அந்த ஆட்டத்தைப் பார்க்க முதலாளியோடு துளசிராமனும் வந்திருந்தார். “என்னுது” என்று கத்துவது எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். இரண்டு வாரத்தில் ஒரு திட்டம் தயாராகிவிட்டது. பெயர் ‘ஒரே அணி’. இனிமேல் ஷெட்டில் என் மெஷின், உன் மெஷின் கிடையாது. பக்கத்துப் பிரஸ்ஸில் ஆள் இல்லையென்றால் கிட்டே இருப்பவர் எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு பிரஸ்ஸுக்கு நடுவே, இரண்டையும் இயக்கும் ஒரு பட்டன் ஸ்டாண்டு, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நகர்த்திக்கொள்ளலாம். சுருக்கமாகச் சொன்னால் மூன்று ஆள் வேலையை இரண்டு ஆள் பார்ப்பது. சுவரொட்டியில் அக்காவின் படம், பின்னால் நாங்கள் ஐந்து பேர். ‘கோர்ட்டில் முடிந்தது, ஷெட்டில் முடியாதா?’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை காலை எல்லா ஷிஃப்டும் கூடும் கூட்டத்தில் எங்களுக்கு நிரந்தர வேலைக் கடிதம் கொடுப்பதாக ஏற்பாடு. அதே கூட்டத்தில் அக்கா திட்டத்தைப் பற்றிப் பேச வேண்டும். பேச வேண்டியதை அரைப் பக்கத்துக்கு டைப் செய்து கொடுத்திருந்தார்கள். சனிக்கிழமை பயிற்சிக்கு வந்தவர் அந்தத் தாளை எங்களிடம் காட்டினார்.

“இத்த நான் படிக்க மாட்டேன்” என்றார். “உங்க லெட்டருக்கு இதனால ஆபத்து வரும். அதான் முன்னாடியே சொல்றேன்.”

சரவணன் கெஞ்சினான். “ரெண்டு நிமிசம் படிச்சுட்டு வந்துடுக்கா. நீ படிச்சாலும் படிக்காட்டியும் அவனுங்க கொண்டாரத்தான் போறானுங்க.”

“கொண்டாரட்டும். என் வாயால வர வேணாம். கோர்ட்ல தப்பு நடந்தா ரெண்டு பாயின்ட் போவும். அடுத்த ஆட்டத்துல எடுத்துக்கலாம். ஷெட்டுல போறத எங்க போயி எடுக்கறது?”

நான் சொன்னதை இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் என்று தோன்றுகிறது. “உனக்கென்னக்கா, நீ பெர்மனெண்ட். எங்க ஊட்டுல அடுப்பு எரியறது இந்த லெட்டர்லதான். கல்பனாவுக்கு ஏழாவது மாசம், தெரியும்ல?”

அவர் என்னைத் திட்டவில்லை. “தெரியும்” என்றார். பந்துகளை எண்ணிப் பைக்குள் போட்டுவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை. அறுநூறு பேர் நின்றார்கள். மேடையில் எங்கள் ஐந்து பேருக்குமான உறைகள் தட்டில் அடுக்கப்பட்டிருந்தன. நான் கிளம்பும்போதே கல்பனா, “லெட்டரு கைக்கு வந்ததும் போன் பண்ணுங்க” என்று சொல்லியிருந்தாள். அக்காவைக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பிடித்து, தாளைப் பார்க்காமல் பேசினார்.

“கோர்ட்டுல நாங்க அஞ்சு பேரு ஒரே ஒரு பந்தைப் பாக்கறோம். ஷெட்டுல ஒரு ஆளு ரெண்டு பிரஸ்ஸைப் பாக்க முடியாது. ரெண்டும் வேற வேற. நான் சொல்லிக் குடுத்ததை இதுக்கு எடுத்துக்காதீங்க. அடுத்தவங்க மெஷின்ல கை வெக்காதீங்க.”

துளசிராமன் சிரித்த முகத்தோடு மைக்கை வாங்கினார். “மேடம் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க. பரவாயில்ல. அணியோட சார்பா ஒருத்தர் வந்து படிச்சுடுங்க. ஷாஹுல், வாப்பா.”

ஷாஹுல் தலையைக் குனிந்துகொண்டு நின்ற இடத்திலேயே நின்றான். இரண்டாவது முறை கூப்பிட்டும் அசையவில்லை. துளசிராமனின் பார்வை அவனுக்கு அடுத்து நின்ற ஆளுக்கு நகர்ந்தது. அடுத்து நின்றது நான்.

போனேன். படித்தேன். அரைப் பக்கம்தான். “கோர்ட்டில் நாங்கள் கற்றுக்கொண்ட பாடத்தை” என்று ஆரம்பித்தது, ஒரு வார்த்தை விடாமல் படித்து முடித்தேன். கைதட்டினார்கள். நான்கு உறைகளைக் கொடுத்தார்கள். ஷாஹுலின் உறை தட்டிலேயே இருந்தது. அக்கா ஓரத்தில் நின்றிருந்தார். நான் இறங்கி வரும்போது என்னைப் பார்த்தார். வெறுப்பு இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். தகட்டை அளந்து பார்க்கும்போது பார்க்கிற பார்வைதான் அது. பிறகு அளவுகோல் பெட்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

அவரைச் சரக்கு இறக்கும் கிடங்குக்கு மாற்றினார்கள். தூசியில் நின்று மூட்டை எண்ணும் வேலை. மூன்று மாதம் எண்ணிவிட்டு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் படம் போட்ட சுவரொட்டியை ஒட்டத்தான் செய்தார்கள். ஷாஹுலின் ஒப்பந்தம் முடிந்தது, அதன் பிறகு அவனைக் கூப்பிடவில்லை. நகரத்திலிருந்து காரில் இன்னொரு கோச் வந்தார். இரவு ஷிஃப்ட் பழையபடி வந்தது. அடுத்த லீக்கில் பதினாறில் பதின்மூன்று தோற்றோம். கோச் சரியில்லை என்று கேன்டீனில் பேசிக்கொண்டார்கள். பேசியவர்கள் வாயில் உப்புமாவைத் திணிக்கலாம் போல இருந்தது எனக்கு.

நர்மதா என்று ஒரு பெண். கவரப்பேட்டைப் பக்கம். இருபத்து மூன்று வயது. எனக்கு அடுத்த பிரஸ்ஸில் வேலை. திட்டப்படி இரண்டு பிரஸ்ஸும் எங்கள் இருவருக்கும் பொது, நடுவில் பட்டன் ஸ்டாண்டு. குறுக்கே கை போனால் மெஷினை நிறுத்தும் சென்சார் ஒன்று உண்டு. அடிக்கடி நின்று உற்பத்தி குறைகிறது என்று அதைப் பல நாளாக அணைத்து வைத்திருந்தார்கள். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி. தகடு அச்சில் சிக்கிக்கொண்டது. நர்மதா அதை எடுக்கக் கை விட்டாள். நான் என் பக்கம் முடித்துவிட்டுத் திரும்பினேன். தகடு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அவள் கை தெரியவில்லை. அவள் பிரஸ்ஸின் பட்டனை அழுத்தியது நான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் துளசிராமனின் ஆள் ஒரு தாளோடு வந்தார். விதிமுறையை மீறி ஆபரேட்டர் நர்மதா கையை உள்ளே விட்டதால் விபத்து ஏற்பட்டது என்று டைப் செய்திருந்தது. சாட்சி என்ற இடத்தில் என் பெயர். “கையெழுத்துப் போட்டுட்டு ஊட்டுக்குப் போப்பா, ரெஸ்ட் எடு” என்றார். பிறகு போடுகிறேன் என்று வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். எட்டு மாதமாகக் கூப்பிடாத நம்பரைக் கூப்பிட்டேன்.

“அக்கா, நான் அன்பு.”

“சொல்லு.”

சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன்.

“எந்தக் கை?”

“வலது.”

“எத்தினி?”

“ரெண்டு வெரலு. ஆள்காட்டியும் நடுவெரலும்.”

அந்தப் பக்கம் ஏதோ ரயில் போகும் சத்தம் கேட்டது. அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அன்று மைக்கில் படித்தாயே, இப்போது எதற்கு எனக்குப் போன் பண்ணுகிறாய் என்று கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் அந்த ஆறுதலைக் கொடுக்கவில்லை.

“கையெழுத்து போட்டியா?”

“இன்னும் போடல.”

“அந்தப் பொண்ணு எழுதறது வலது கையாலதான?”

“ஆமாக்கா.”

“அப்ப அவளால எழுத முடியாது. நீ எழுது.”

“இன்னா எழுதறது?”

“பாத்தத எழுது. பட்டனை யாரு அமுக்கினது, ஸ்டாண்டு எங்க இருந்துச்சு, சென்சாரை யாரு அணைக்கச் சொன்னாங்க, எல்லாத்தையும். நீ மைக்ல படிச்சதையும் சேத்து எழுது.”

“வேலை பூடும்க்கா.”

“பூடும்” என்றார். “எழுதிட்டுச் சொல்லு, நான் திருவள்ளூருக்கு வரேன். ரெண்டு பேருமா போயி குடுக்கலாம்.”

வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். ஒன்பது பக்கம் வந்தது. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கல்பனா முழுவதையும் படித்தாள். பட்டனை அழுத்தியது நான் என்று அவளிடம் அதுவரை சொல்லியிருக்கவில்லை. அந்த இடத்துக்கு வந்ததும் நிறுத்தினாள். அடுத்த பக்கத்தைத் திருப்ப அவளுக்கு வெகுநேரம் ஆனது. படித்து முடித்துவிட்டு, “கையெழுத்து போடலையே” என்று பேனாவை நீட்டினாள். போட்டேன்.

மறுநாள் திருவள்ளூரில் தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்தில் அக்காவும் நானும் வரிசையில் நின்று கொடுத்தோம். அக்கா ஒவ்வொரு பக்கத்தையும் எண்ணிப் பார்த்து, முத்திரை வாங்கி, நகலை என்னிடம் கொடுத்தார். அதற்கடுத்த நாள் காலை கம்பெனி கேட்டில் கதவைத் திறக்கும் மெஷினில் என் அடையாள அட்டையை வைத்தேன். கதவு திறக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் ஷிஃப்டுக்கு நேரமாகிறது என்று சத்தம் போட்டதால் ஒதுங்கி வழிவிட்டேன்.